அரை வீட்டுக்கு நிறம் பார்த்தல்

திருப்பூர்ச் சாயப்பட்டறை ஆய்வகத்தில்
பதினாறு வருஷம்.
கேட்ட நிறத்தைக் கேட்ட எண்ணுக்குக் கொண்டுவருவது
என் சோறு.
முத்தூரில் பாகத்துக்கு வந்த இந்த மண்வீட்டின்
சுவருக்கு மட்டும்
அட்டையில் எண் இல்லை.

காலையில் மஞ்சள் தட்டிய செங்கல்.
பதினோரு மணிக்குக் காய்ந்த மிளகாய்.
சாரல் பட்டால் ஆட்டு ஈரல்.
இப்படி ஒரு துணி அனுப்பினால்
பையர் மூட்டையோடு திருப்பிவிடுவான்.

கோயமுத்தூரிலிருந்து வந்த பிரணவ்
போனில் படம் காட்டினான்.
எங்கோ ஒரு பாலைவன நாடு,
மூலையெல்லாம் மழுங்கிய மண்வீடு,
நீலக் கதவு, வாசலில் கள்ளி,
கணப்புக்கு மேலே மாட்டு மண்டையோடு.
'இதே ஸ்டைல்ல பண்ணிடலாம் மேடம்.'

கள்ளிக்கு நான் காசு தருவதாயில்லை,
வேலியில் ஒரு பர்லாங்கு நிற்கிறது.
மண்டையோட்டை மாட்டினால்
பூச்சிக்காளை வளர்க்கும் எதிர்வீட்டு நாச்சிமுத்து
மறுநாளே பால் ஊற்றுவதை நிறுத்திவிடுவார்.
நீலத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

பிறகு ஆண்டமுத்து வந்தார், கரணையோடு.
எவரோ முன்பு பூசியிருந்த சிமெண்டைத்
தட்டித் தட்டிப் பெயர்த்தார்.
'மண்ணு மேல இதப் பூசறது
ஈரத்த உள்ள வெச்சுத் தைக்கற மாதிரிங்க.'
உள்ளே கம்பு உமி,
ஒரு வெங்கச்சாங்கல்,
மிக நீளமான ஒரு முடி.
நூல் என்றே முதலில் நினைத்தேன், தொழில் புத்தி.
இழுத்தேன், வரவில்லை.
அதன் மேலேயே பூசச் சொன்னேன்.

ஆசாரத்தில் மூன்று சுவர் இரண்டடி கனம்.
நாலாவது,
என் வீட்டுக்காரரும் பங்காளி சென்னியப்பனும்
கிணற்றில் தண்ணி முறைக்குச் சண்டையிட்டு
ஊர்க்காரர்கள் அளந்து கொடுத்த வாரத்தில்
ஒற்றைக்கல்லில் அவசரமாக எழும்பியது.
பதினோரு வருஷமாகப் பேச்சில்லை.
ஒரு சாவுக்கு அவர்கள் வரவில்லை,
ஒரு சாவுக்கு நாங்கள் போகவில்லை,
எது முதல் சாவு என்பதில்
இரண்டு வீட்டிலும் இரண்டு கணக்கு.

சாயங்கால வெயில் விழுவதோ
அந்தச் சுவரில்தான்.
பவானி ஜமக்காளம் ஒன்றைத் தொங்கவிட ஆசை.
அரக்கு, பச்சை, நடுவே கறுப்பு,
மூன்றுக்கும் எண் தெரியும்.
ஓரங்குல ஆணி, பொலபொலவென்று மண்.
மூன்றங்குல ஆணி, இன்னும் கொஞ்சம் மண்.
தேடியெடுத்தேன் ஆறங்குலத்தை,
ஆத்திரத்தில் நாலு போடு.
நின்றது. ஆட்டிப் பார்த்தேன்,
அசையவில்லை.

சுவருக்குள்ளிருந்து இருமல்.
அப்புறம் குரல்:
'அங்க அடிக்காதீங்க அம்மிணி.
ஒயர் போகுது.'

சுத்தியலைத் தரையில் வைத்தேன்,
சத்தம் வராமல்.
வேறெங்கே அடிப்பது என்று கேட்டிருக்கலாம்.
வாயில் இன்னும் இரண்டு ஆணி இருந்தது.

நான் கேட்காததற்குப் பதில் மாதிரி
ஒரு விரல் தட்டியது,
வலப்பக்கம் ரெண்டு முழம் தள்ளி.
டொக், டொக்.
மூச்சைப் பிடித்துக்கொண்டு
அந்த இடத்தில் பென்சிலால் வட்டம் போட்டேன்.

ராத்திரி அவர் சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்,
இவ்வளவு பெரிய சுவர்,
ஜமக்காளம் ஏன் ஒரு ஓரமாகத் தொங்குது?
வெயில் என்றேன்.
ராத்திரியிலா என்றார்.
ரசம் ஊற்றினேன்.

பிடுங்கிய ஆணியின் துளை அப்படியே இருக்கிறது.
அடைக்கச் சொல்லி ஆண்டமுத்து
குழைத்து வைத்துவிட்டுப் போன மண்
பாண்டில் வெடித்துக் காய்கிறது.
அவர் தூங்கியபின் ஒற்றைக் கண்ணை வைத்துப் பார்த்தேன்.
அந்தப் பக்கம், டியூப்லைட் வெளிச்சத்தில்,
சுவர் முழுக்க ரோஸ்.
கல்யாண மண்டப ரோஸ்.
கடவுளே,
அதற்கு எண் உண்டு.